லீவெல்லாம் விசேஷத்துக்கே போய்விடுகிறது, ரெண்டு பேரும் எப்போது ஊர் சுற்றுவது?

கேள்வி: 2025 ஜூன் 29

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ரெண்டு பேருக்கும் வேலை சென்னையில். எடுத்த லீவெல்லாம் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், பதினாறாம் நாள் காரியம் என்றே தீர்ந்துவிட்டது. ஆபீசில் "ஹனிமூன் எங்கே?" என்று கேட்கிறார்கள். "திருமங்கலத்தில் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்தக்காரர்களைப் பகைத்துக்கொள்ளாமல் புருஷன் பெண்டாட்டி மட்டும் நாலு இடம் போய்வருவது நடக்கிற காரியமா? இல்லை, எல்லோருமே இப்படித்தான் காலம் தள்ளுகிறார்களா?

ஜூன் 30

நடக்கும். ஆனால் அதற்கென்று தனி லீவு போட்டு நடக்காது. நீங்கள் ஆசையாக ஒரு வெள்ளிக்கிழமையை ஒதுக்கி வைத்தால், அதே வெள்ளிக்கிழமையில்தான் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைப்பார்.

எங்களுக்குப் போன தையில் கல்யாணம். எனக்குத் தென்காசிப் பக்கம், இவருக்கு மயிலாடுதுறைப் பக்கம், குடித்தனம் சென்னையில். நான் காலேஜில் பாடம் எடுக்கிறேன், காலை ஏழரைக்குக் கிளம்ப வேண்டும். இவருக்கு ராத்திரி ஷிஃப்ட், ஆபீஸ் வண்டி விடியற்காலை மூன்றரைக்குக் கொண்டுவந்து விடும். ஆகவே வார நாளில் நாங்கள் பேசிக்கொள்வது வாட்ஸப்பில்தான்: "மாவு பொங்கிடுச்சு, ஃபிரிட்ஜில் வை", "மோட்டார் போட்டுட்டேன், பத்து நிமிஷத்தில் நிறுத்து", "சிலிண்டர் புக் பண்ணியாச்சா?" வெளியாள் யாராவது படித்தால் அபார்ட்மென்ட் செகரட்டரியும் வாட்ச்மேனும் பேசிக்கொள்வதாகத்தான் நினைப்பார்கள்.

இந்த நிலைமையில் நாங்கள் பிடித்த வழி அரை நாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு அரை நாளை உருவி எடுத்துவிடுவது. டிக்கெட் செலவு ஏற்கெனவே விசேஷக் கணக்கில் போய்விட்டது, லீவும் போட்டாயிற்று, பட்டுப்புடவையும் பையில் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

முதலில் இப்படிப் போனது தரங்கம்பாடிக்கு. இவர் சொந்தத்தில் மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம். மாலையில்தான் பெண் அழைப்பு, நாங்கள் விடிகாலையிலேயே ஸ்டேஷனில் இறங்கிவிட்டோம். வீட்டுக்குப் போனால் இவர் பந்தல்காரரோடு நிற்பார், நான் தாம்பூலப் பைக்குள் தேங்காய் போட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்குப் போகவில்லை, பஸ் ஏறிவிட்டோம். முப்பது கிலோமீட்டர் போல வரும். ஒரு காலத்தில் அந்த வழியில் ரயிலே ஓடியிருக்கிறது.

தரங்கம்பாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், போகிறவர்கள் கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். டான்ஸ்போர்க் கோட்டை 1620-ல் டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டியது. 1845-ல் எல்லாவற்றையும் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டையைவிட எனக்குப் பிடித்தது அந்தத் தெரு. 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த ஊர் அது. 1718-ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தில்தான் அவரைப் புதைத்திருக்கிறார்கள். நேரே கடலுக்கு நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, கடல் அரித்து அரித்து முன்பக்கம் போய்விட்டது.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு: நகை. கல்யாணத்துக்குப் போகிறோம், ஆரம், வளையல், நெக்லஸ் எல்லாம் கைப்பையில். நான் அலையில் கால் நனைத்த நேரமெல்லாம் இவர் முதுகில் ஒரு பை, மடியில் ஒரு பை, இரண்டின் வாரையும் கையில் சுற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் நான் உட்கார்ந்தேன், இவர் போனார். ஜோடியாகக் கடலில் நின்றோம் என்று சொல்ல முடியாது.

ஜூலை 1

ஒரு சின்ன விஷயம், இன்றிலிருந்து அமலாகிறது. ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் ரயிலுக்குத் தத்கல் டிக்கெட் எடுக்க முடியும். 15-ஆம் தேதியிலிருந்து ஆதார் ஓடிபியும் கேட்கும். விசேஷம் என்று கடைசி நேரத்தில் ஓடுகிறவர்கள் வீட்டில் ஒருத்தர் கணக்கையாவது இன்றே சரிபார்த்து வையுங்கள். "என் ஃபோனுக்கு ஓடிபி வருது, நீ ஏன் தூங்கறே" என்று விழுந்தடித்து எழுப்புகிற சண்டையாவது மிஞ்சும்.

ஜூலை 6

"அப்படியானால் பெரியவர்களிடம் பொய் சொல்கிறீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொய் சொல்லவில்லை. எந்த ரயில் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இதை எங்கள் காலேஜில் ஒரு மாணவி சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

ஆனால் அது ரொம்ப நேரம் ஒளிந்திருக்கவும் இல்லை. இவர் கோட்டையில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைவதற்குள் நாத்தனார் அதைப் பார்த்து அத்தையிடம் காட்டியாகிவிட்டது. எனக்கு அடிவயிறு கலங்கியது. அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தரங்கம்பாடி போனீங்களாமே?"

"ஆமா அத்தை, சும்மா ஒரு நடை..."

"இத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். அந்தக் கோட்டைக்குள்ள ஒரு தடவை கால் வச்சதில்லை. உங்க மாமா எப்பவும் அடுத்த வாரம், அடுத்த வாரம்னே சொல்லிட்டிருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல?"

இதற்கு நான் தயாராக இருக்கவில்லை. திட்டு வரும், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று கணக்குப் போட்டிருந்தேன். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அத்தையை அழைத்துக்கொண்டு போனோம். கோட்டையைச் சுற்றிப் பார்த்து, கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டு, கோயிலில் விழுந்து கும்பிட்டு, திரும்புகிற பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வி கேட்டவருக்கு இதைச் சொல்ல வேண்டும்: எங்கள் அரை நாள் அன்றைக்குக் குடும்பச் சுற்றுலாவாக மாறிவிட்டது. அதற்குப் பதில் இன்னொரு அரை நாளைத் தேட வேண்டியதாயிற்று.

அதிலிருந்து ஒரு ஏற்பாடு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: "மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடறோம்." எங்கே, ஏன் என்று விளக்கம் கிடையாது. சாப்பாட்டு நேரத்தைச் சொல்லிவிட்டால் நம் வீடுகளில் மற்றதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

ஜூலை 17

ஆடி ஒன்று. அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். அழைப்பு, விருந்து, வேட்டி புடவை எல்லாம் முடிந்தது. புதுப்பெண் ஆடி முழுக்கப் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒரு மாதம் லீவு எந்தக் காலேஜ் கொடுக்கும்? ஞாயிறு வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பேசி முடித்தோம். இவர் சொன்னார்: "நைட் ஷிஃப்ட்காரனுக்கு வருஷம் முழுக்க ஆடிதான்." என் அப்பா சிரிக்காமல் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

ஜூலை 20

குற்றாலம். தென்காசியிலிருந்து கூப்பிடு தூரம், ஐந்து கிலோமீட்டர். ஆனி, ஆடிச் சாரல் நேரத்தில் போகாதே என்று சொன்னால் நான் அந்த ஊர்க்காரியே இல்லை. இவருக்குச் சீசனில் அதுதான் முதல் தடவை. ஜோடியாக அருவியில் நிற்கப்போகிறோம் என்று ஒரு கற்பனை வைத்திருந்திருக்கிறார், பாவம். மெயின் அருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. சீசன் கூட்டத்தில் அவர் தலை எது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் போய் அடி வாங்கிக்கொண்டு, கண் சிவந்து, காது அடைத்து, டீக்கடையில் சந்தித்தோம். ஈரத்துண்டோடு நின்று சூடாக வடை சாப்பிட்ட அந்த நேரம் மட்டும்தான் ரெண்டு பேரும் சேர்ந்திருந்தது.

இருந்தாலும் குற்றாலத்தைக் கணக்கில் சேர்க்கிறேன்.

ஜூலை 21

இவர் மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "வடை இல்லை, பஜ்ஜி" என்கிறார். வடைதான்.

ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு. இதற்கு மட்டும் ஆடிப் பிரிவு செல்லாது, புதுத் தம்பதி ரெண்டு பேரும் ஆற்றங்கரையில் இருந்தே ஆக வேண்டும். யார் போட்ட சட்டமோ, நன்றாக இருக்கட்டும். மயிலாடுதுறைத் துலாக்கட்டம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்துவிட்டதால் காவிரியில் நல்ல தண்ணீர். கல்யாண மாலையை இவர்கள் வீட்டில் இத்தனை மாதம் பத்திரமாகக் காயவைத்து எடுத்துவைத்திருக்கிறார்கள், எனக்கே தெரியாது. நார் மட்டும் மிச்சமாக, ரோஜா இதழெல்லாம் கறுத்துச் சருகாகி, தொட்டால் உதிர்கிறது. அதை ஆற்றில் விட்டுவிட்டு, புதுமஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, சித்ரான்னம் சாப்பிட்டோம். கட்டுச்சோற்று மூட்டையோடு ஊரே அங்கே இருந்தது, இதில் அரை நாள் எங்கே உருவுவது?

ராத்திரி ரயிலில் திரும்பினோம். அதுதான் அரை நாள்.

ஆகஸ்ட் 6

ரெண்டு வீடும் வேறு வேறு மூலையில் இருப்பவர்கள் ஒரே லீவில் ரெண்டு பக்கமும் எப்படிப் போவது என்று கேட்கிறார்கள். எங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம், மயிலாடுதுறை–செங்கோட்டை எக்ஸ்பிரஸ். மாமியார் வீட்டில் ஏறி அம்மா வீட்டில் இறங்கலாம். மத்தியானம் கிளம்பி ராத்திரி போய்ச் சேரும் பகல் வண்டி. கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் என்று பாதித் தமிழ்நாட்டைக் காட்டிவிட்டுத்தான் தென்காசியில் விடும்.

மே மாத விடுமுறையில் அதில் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது, ஏசி கிடையாது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அத்தனை மணி நேரம் ஒரே இடத்தில் விழித்தபடி உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். தஞ்சாவூர் வரைக்கும் வீட்டு வாடகை, அவருடைய கல்விக் கடன், என் தம்பி படிப்பு. திருச்சி தாண்டியதும் பேச்சு தீர்ந்துபோய்ச் சும்மா இருந்தோம். மணப்பாறையில் முறுக்கு. திண்டுக்கல் தாண்டி இவர் தன் முதல் வேலையில் பட்ட அவமானம் ஒன்றைச் சொன்னார், நிச்சயதார்த்தத்திலிருந்து தினமும் பேசியும் அதுவரைக்கும் சொன்னதில்லை. நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை, முறுக்குப் பொட்டலத்தை நீட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கி அம்மாவுக்கு என்று எடுத்துவைத்தது, வீட்டுக்குப் போகும்போது பாதிதான் இருந்தது.

காரில் போயிருந்தால் இது நடக்காது என்பது என் கட்சி. காரில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் மேப்பைப் பார்த்து "இடது, இடது, ஐயோ போச்சு" என்பார். அது பேச்சாகாது.

ஆகஸ்ட் 18

இன்று காலை எட்டு மணி. தலைத் தீபாவளி அக்டோபர் 20, திங்கள். வெள்ளிக்கிழமை 17-ஆம் தேதி கிளம்ப வேண்டும், ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும் கணக்கில் அது இன்றைக்கு. முன்பெல்லாம் 120 நாள், போன நவம்பரிலிருந்துதான் 60. இவர் ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்காமல் லேப்டாப்போடு, நான் காலேஜ் போகிற வழியில் ஃபோனோடு. சென்னை–செங்கோட்டை பொதிகை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர். பணம் கட்டும் பக்கம் சுற்றிச் சுற்றி வந்து முடிந்தபோது, ஆர்ஏசி.

தெரியாதவர்களுக்கு: ஆர்ஏசி என்றால் ஏறலாம், உட்காரலாம், முழுக் கட்டணம், ஆனால் படுக்கை உறுதியில்லை. சைடு லோயர் பெர்த்தை மடக்கி இரண்டு இருக்கையாக்கி எதிரும் புதிருமாக இருவரை உட்காரவைப்பார்கள். யாராவது ரத்து செய்தால் முழுப் பெர்த் கிடைக்கும். முன்பின் தெரியாத ஆளோடு என்றால் நரகம். அவர் காலை எங்கே வைப்பார், நம் காலை எங்கே வைப்பது என்றே ராத்திரி போய்விடும். புருஷனோடு என்றால் பரவாயில்லை என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 19

"பரவாயில்லையா?" என்று கேட்கிறார். இவர் உயரம் ஆறடி. அதைச் சொல்லச் சொன்னார்.

செப்டம்பர் 15

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "அதெல்லாம் சரி, ஊட்டிக்கு வழி சொல்லுங்கள்" என்கிறார். ஊட்டியும் விசேஷத்தில்தான் பார்த்தோம். ஆவணியில் காரமடையில் இவர் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம்.

இதில் ஒரு விஷயம் கவனித்தேன், அரை நாள் ஆசாமிகளுக்குக் கிரகப்பிரவேசம் போல ஒன்று கிடையாது. விடிகாலை முகூர்த்தம், பசுமாடு, ஹோமம், பால் காய்ச்சி, எட்டரைக்கு இட்லி பொங்கலோடு விஷயம் முடிந்தது. பகல் முழுக்க நம்முடையது. கல்யாணம் மோசம், முதல் நாள் சாயங்காலத்திலிருந்து மறுநாள் கட்டுசாதக் கூடை வரைக்கும் பிடித்துவைத்துக்கொள்வார்கள். குலதெய்வம் கோயில் காதுகுத்து அதைவிட மோசம், கறி வேகிற வரைக்கும் யாரும் நகர முடியாது. வளைகாப்பு நடுத்தரம், ஆனால் புதுசாகக் கல்யாணமானவள் போனால் எல்லோரும் நம் வயிற்றைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது, இங்கே எழுதும்படியாக இல்லை.

சரி, ஊட்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் காலை 7.10-க்கே போய்விடும், அதில் இடம் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. நாங்கள் பஸ்ஸில் குன்னூர் ஏறி, அங்கிருந்து ஊட்டிக்குப் பாசஞ்சரில் போனோம். சொந்தக் காரில் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே 7-லிருந்து ஐகோர்ட் உத்தரவு. அரசுப் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அது தேவையில்லை. குன்னூர் வரைக்கும் ரயில் வந்தது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் பல்சக்கரப் பாதை, நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின், சாதாரணத் தண்டவாளம். அசல் விஷயத்தை விட்டுவிட்டீர்களே என்பார்கள். விட்டோம்தான். ஆனால் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அது நின்று நின்று போகும்போது, கேத்தியில் பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்துகொண்டு காய்கறித் தோட்டம் படிப்படியாகத் தெரிகிறபோது, குறையாக ஒன்றும் தோன்றவில்லை. ஊட்டியில் இறங்கி, வர்க்கி வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் இறங்கிவிட்டோம். தாவரவியல் பூங்கா, படகு, ரோஜாத் தோட்டம் எதுவும் பார்க்கவில்லை. அதையெல்லாம் பார்க்கத்தான் போவது என்றால் தனி லீவு போடுங்கள், எனக்கு ஒன்றுமில்லை.

பட்டுப்புடவையிலேயே போனது மட்டும் தப்பில்லை. குளிருக்குப் பட்டு நல்லது. பெட்டியில் ஒரு பாட்டி, "எந்தக் கோயிலுக்கும்மா?" என்று கேட்டார்.

அக்டோபர் 23

தலைத் தீபாவளி முடிந்தது. ஆர்ஏசி கடைசி வரை ஆர்ஏசியாகவே இருந்தது. விழுப்புரம் தாண்டி டிடிஆர் வந்து பார்த்தார், கையை விரித்தார். திருச்சி வரைக்கும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பார்த்தோம். அப்புறம் இருக்கையைச் சேர்த்துப் படுக்கையாக்கி, இவர் தலை ஜன்னல் பக்கம் ஒரு கோடி, என் தலை மறு கோடி. ஆறடி ஆள் காலை மடக்கிப் படுத்தாலும் முழங்கால் வழியில் நீட்டிக்கொண்டிருந்தது, போகிறவன் வருகிறவன் எல்லாம் இடித்துவிட்டு "சாரி சார்" என்றான். ராஜபாளையத்தில் விடிந்தது. வலப்பக்கம் மலை, மேகம் அப்பி, மழையில் நனைந்து கருநீலமாக. இவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இருந்த வரைக்கும் கழுத்து சரியாகவில்லை. அம்மா தைலம் தேய்த்துவிட்டது தனிக் கதை.

மாப்பிள்ளையை உட்காரவைத்து அதிரசம், முறுக்கு, மறுபடி அதிரசம் என்று கவனித்ததில் மூன்றாம் வேளைக்கே ஆள் மிரண்டுவிட்டார். மழை விடவில்லை, அருவிப் பக்கம் போக வழியில்லை. "சாப்பாட்டுக்கு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுச் செங்கோட்டையில் ரயிலேறிப் புனலூர் வரை போய்வந்தோம். 1904-ல் போட்ட மலைப்பாதை, மீட்டர்கேஜை அகலப்பாதையாக்கி முழுசாகத் திறந்தது 2018-ல். ஆரியங்காவு தாண்டிச் சுரங்கம், பாலம், சுரங்கம் என்று வரும். கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலம். ரயிலுக்குள் இருப்பவர்களுக்குப் பாலம் தெரியாது, பாலத்திலிருந்து கீழே ரோடு தெரியும். பாலத்தைப் பார்க்க ரோட்டில் நிற்க வேண்டும். இவர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் ஒரு தடவை பஸ்ஸிலும் வர வேண்டும் என்றார். புனலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். சாப்பாட்டுக்கு வரவில்லை. அப்பா ராத்திரி வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நவம்பர் 18

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: பரமக்குடியில் ஒரு கல்யாணம், அதிலிருந்து அரை நாள் உருவிப் பாம்பனும் தனுஷ்கோடியும் போய்விட்டு வந்தார்களாம். ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயிலில் போய், அரிச்சல்முனை வரைக்கும் வேனில். 1964 புயலில் போன ஸ்டேஷன் இடிபாட்டைப் பார்த்து மனைவி அழுதாராம். நல்லது. நகைப்பையை யார் வைத்திருந்தது என்று எழுதவில்லை.

எங்கள் பக்கம் செய்தி: ஜனவரியில் தலைப் பொங்கல், மயிலாடுதுறையில். 17-ஆம் தேதி காணும் பொங்கலன்று செங்கோட்டை வண்டி பிடித்துத் தென்காசி, 18 ராத்திரி பொதிகையில் சென்னை. இன்றைக்குத்தான் 17-க்கு முன்பதிவு திறந்தது. அத்தை நேற்றே ஃபோன் செய்துவிட்டார், சம்பந்தி வீட்டைப் பார்த்து ரொம்ப நாளாயிற்றாம், அவருக்கும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று. "மதுரையில் இறங்கி மீனாட்சியைப் பார்த்துட்டு அடுத்த வண்டியில் போனா என்ன?" என்று அத்தை கேட்கிறார், இவர் டைம்டேபிளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அடுத்த வண்டி எதுவும் ஒத்துவராது என்று நான் சொல்லியாகிவிட்டது. ரெண்டு பேரும் கேட்பதாக இல்லை.